ரிக்கெட்ஸ் க்ளென் ஸ்டேட் பார்க் கேம்பிங்: கண்டிப்பா போங்க, ஷூ மட்டும் பாத்து போட்டுக்கோங்க

பென்சில்வேனியால இருக்குற இந்த பார்க்குக்கு ஜூன்ல ரெண்டு நைட் டென்ட் போட்டு தங்கிட்டு வந்தோம். நயாகராவ நாலு தடவ பாத்தவங்க கூட இங்க வந்ததில்லங்கறாங்க, ஏன்னே புரியல. பேர் வச்ச அருவி மட்டும் 22, முக்கால்வாசி ஒரே ட்ரெயில்ல அடுத்தடுத்து வருது. உள்ள போக என்ட்ரி ஃபீஸ் இல்ல, கேம்ப்சைட்டுக்கு மட்டும்தான் காசு. 11 மாசம் முன்னாடியே புக்கிங் ஓப்பன் ஆயிடும், சம்மர் வீக்கெண்ட் வேணும்னா அப்பவே போட்டு வச்சிருங்க.

ட்ரெயில் முழு சுத்து 7.2 மைல். எங்க கூட சின்னப் பசங்க இருந்ததால 3.2 மைல் சுத்துதான் போனோம், அதுலயே பாதிக்கு மேல அருவி பாத்தாச்சு. க்ளென் லீங்கற பள்ளத்தாக்கு வழியா எறங்கி, ரெண்டு ஓடையும் சேர்ற வாட்டர்ஸ் மீட்ல திரும்பி, கனோகா க்ளென்ங்கற இன்னொரு பள்ளத்தாக்கு வழியா ஏறுனோம். ஏறும்போது ஒவ்வொரு அருவியும் மூஞ்சிக்கு நேரா வருதுங்க, மூச்சு வாங்க நிக்கிற மாதிரி நின்னு போட்டோ எடுத்துக்கலாம். பெருசு கனோகா அருவி, 94 அடி. அதுக்கு எதிர்ல ஒரு பாறைல உக்காந்து புளியோதரை டப்பாவ தெறந்தோம், சாரல் வந்து கண்ணாடியெல்லாம் நனைஞ்சு போச்சு, ஒரு சிப்மங்க் (அணில் மாதிரி இருக்கும்) வேற வந்து கால்கிட்ட நின்னுக்கிட்டு நகரவே மாட்டேங்குது (குடுக்கல, குடுக்கவும் கூடாது).

இப்ப ஷூ மேட்டர். படி எல்லாம் கல்லுப்படி, பாசியும் ஈர இலையுமா இருக்கும், ஒரு பக்கம் பாறை இன்னொரு பக்கம் பள்ளம். நான் ஆபீஸுக்கு போடுற ஸ்னீக்கர்ஸ்லயே போயிட்டேன், ரெண்டாவது அருவிலயே வழுக்கி உக்காந்துட்டேன், மிச்ச தூரம் முழுக்க வீட்டம்மா கைய புடிச்சுக்கிட்டுதான் எறங்குனேன், பசங்க சிரிச்சது தனிக்கதை. கிரிப் உள்ள ஹைக்கிங் பூட்ஸ் இல்லாம எறங்காதீங்க.

ராத்திரி மழ. பார்க் மேல குத்தம் சொல்ல முடியாது, ஆன்லைன்ல சீப்பா கெடச்சுதுன்னு வாங்குன டென்ட்டுதான் வேலைய காட்டிருச்சு. தையல் வழியா சொட்டு சொட்டா தலகாணில. 2 மணிக்கு கார்ல போய் படுத்தோம், அங்க பாத்தா சாப்பாட்டு பை எல்லாம் இருக்கு, கரடி நடமாட்டம் இருக்குற எடம்ங்கறதால கார்லதான் பூட்டி வைக்கணும், அந்த புளியோதரை வாசனைலயே தூங்குனோம்.

வெறகு வீட்ல இருந்து எடுத்துட்டு போகாதீங்க, மரத்த அரிக்கிற பூச்சி அதுலதான் ஊர் விட்டு ஊர் பரவுது, பக்கத்துலயே வாங்கிக்கோங்க. பீர் எடுத்துட்டு போற ப்ளான் இருந்தா அதையும் விட்ருங்க, பென்சில்வேனியா ஸ்டேட் பார்க்ல பொதுவா சரக்குக்கு அனுமதி இல்ல. ட்ரெயில்ல எங்க போன்ல சிக்னலே வரல, அதனால மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க.

இலை கலர் மாறும்போது அக்டோபர்ல மறுபடி போறோம், கேபின் கெடைக்குதான்னு பாத்துட்டு இருக்கேன்.