பிசியோதெரபி 14 மாதம்: என் வலது தோளும் அளவு நோட்டும்

போன வாரம் பண்ருட்டியிலிருந்து சிநேகிதி போன் பண்ணினாள். "ஏண்டி, எனக்கும் தோள்பட்டை இறுகிப்போச்சாம். டாக்டர் பிசியோ எழுதிக் குடுத்திருக்காரு. நீ கடலூர்ல ஒரு இடத்துக்குப் போனியே, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கை சரியாகிவிட்டது. ஆனால் அந்த கிளினிக்கை நினைத்தாலே இன்றைக்கும் கோபம் வருகிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் யாருக்காவது உதவும்.

நான் புதுப்பாளையத்தில் வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறேன். 52 வயது. சர்க்கரை வந்து 8 வருஷம். முதலில் பின்னல் போட முடியவில்லை. அப்புறம் தைத்த ஜாக்கெட்டை மேல்கம்பியில் மாட்ட முடியவில்லை. ராத்திரி வலதுபக்கம் ஒருக்களித்தால் உயிர் போய் உயிர் வரும். சுளுக்காக இருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டதில் ஒரு மாதம் வீணானது. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம் என்றார் டாக்டர். தோள்மூட்டைச் சுற்றிப் பை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறதாம். அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. லைனிங் துணியைத் தண்ணீரில் நனைக்காமல் வைத்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணியைப் பிடித்து இழுக்குமே, அதுதான் என் தோளுக்குள் நடந்திருந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் மாடியில் இருக்கும் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். 10 சிட்டிங்குக்கு 3,000 ரூபாய், முன்பணம். "பத்து நாள்ல தெரியும்மா" என்றார்கள் கவுண்டரில். இந்த இடத்தில்தான் புதிதாகப் போகிறவர்கள் நின்று நிதானமாகக் கேட்க வேண்டும். தோள் இறுக்கம் பத்து நாள் கதையே இல்லை. முதலில் வலி ஏறும் காலம், அப்புறம் வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் காலம், கடைசியில் மெல்ல மெல்ல விடும் காலம். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகும். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பதினோராவது நாள் படி இறங்கும்போது நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

நான்காவது நாள் ஒரு சின்னப் பெண் வந்தாள். பயிற்சிக்கு வந்தவள். என்னைப் படுக்கவைத்து, பையிலிருந்து இரண்டு கை உள்ள ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்தாள். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்குமே கோணமானி, அதில் நீளமாக இரண்டு கை வைத்தது மாதிரி இருந்தது. அதன் நடுப்புள்ளியைத் தோளில் வைத்தாள். ஒரு கை என் விலாவோடு, இன்னொன்று என் புஜத்தோடு. "எவ்ளோ முடியுமோ தூக்குங்கம்மா." தூக்கினேன். "முன்னாடி 95 டிகிரி. பக்கவாட்டுல 70." முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாள். "இது 10 தாம்மா. தோள் இறுகினா முதல்ல போறது இந்தத் திருப்பல்தான். நல்ல தோள்னா முன்னாடி 180 கிட்ட வரும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. 27 வருஷமாக அளவு எடுத்துப் பிழைக்கிறவள் நான். என் தோளுக்கும் ஓர் அளவு உண்டு, அதை எடுக்க ஒரு கருவி உண்டு, நாளைக்கு மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்பது மருந்தைவிடப் பெரிய தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து அளவு நோட்டில், வாடிக்கைக்காரர்களுக்கு ஒதுக்குவது மாதிரியே ஒரு பக்கத்தை ஒதுக்கி என் பேரை எழுதினேன். 95, 70, 10.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் பார்த்தேன். பயிற்சிக் காலம் முடிந்து போய்விட்டாளாம்.

என் கோபம் இங்கேதான். 40 சிட்டிங்கில் 9 பேர் என்னைப் பார்த்தார்கள். புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "எந்தத் தோள்மா?" ஃபைல் இருக்கிறது. அதில் பேரும் வயதும் கட்டிய பணமும் இருக்கிறது. தோளின் அளவு இல்லை. ஒருநாள் ஒரு பையன், வலி அமர லேசாகக் கரண்ட் விடுகிற பேடை இடது தோளில் ஒட்ட ஆரம்பித்துவிட்டான், நான் பார்த்துச் சொல்லி மாற்றினேன். அதைக்கூட மன்னிக்கலாம். மூன்றாவது மாதம் நடந்ததை மன்னிக்க முடியவில்லை. ஒருநாள் ஒருவர் நன்றாக இழுத்துவிட்டிருந்தார், ராத்திரி முழுக்க வலி. மறுநாள் வந்தவருக்கு அது தெரியாது, எழுதிவைக்கவில்லையே. நான் வலிக்குது என்றதற்கு, "வலிச்சாதாம்மா சரியாகும்" என்று இன்னும் பலமாக இழுத்தார். மூன்று ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்கினேன். வாடிக்கைக்காரரின் அளவை எழுதாமல் நான் துணியில் கத்தரி வைப்பேனா? வைத்துக் கெடுத்தால் என்னைச் சும்மா விடுவார்களா?

வலியைப் பற்றி எனக்குப் பிற்பாடு தெரிந்ததை எல்லோருக்கும் சொல்கிறேன். பயிற்சி செய்யும்போது ஓரளவு வலிப்பதும், முடிந்து சற்று நேரத்தில் அடங்குவதும் சரி. அடுத்த நாள் வரை நின்றாலோ தூக்கத்தைக் கெடுத்தாலோ அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அதுவும் வலி ஏறும் காலத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் நிலைமை மோசமாகும்.

கரண்ட் வைப்பது எனக்கு 20 நிமிஷம். குறுகுறுவென்று சுகமாக இருக்கும், வலி அப்போதைக்கு அமரும். அதுதான் வைத்தியம் என்று முதல் மாதம் நினைத்திருந்தேன். சுருங்கிய சவ்வை அது விரிப்பதில்லை. கையால் மூட்டை அசைத்துவிடுவதும் நாமே செய்கிற பயிற்சியும்தான் விரிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கரண்ட் வைப்பதற்கு முன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குச் சூட்டு ஒத்தடத்தில் கவனம் வேண்டும். தோல் மரத்திருந்தால் சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை எகிறும், எனக்கும் எகிறியது. எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று அந்த மாடியில் யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னதுதான்.

பெண்களுக்கு ஒரு விஷயம். தோளுக்குப் போகிறீர்கள் என்றால் புடவையும் இறுக்கமான ஜாக்கெட்டும் வேண்டாம். நான் காட்டன் துணியில் முன்பக்கம் திறக்கிற சட்டை ஒன்று தைத்தேன். வலது தோளில் தையலுக்குப் பதில் நான்கு பிரஸ் பட்டன். பிரித்தால் தோள் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். அங்கே பார்த்துவிட்டு மூன்று பேர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். திரை போடச் சொல்லுங்கள், பெண் பிசியோ வேண்டுமென்றால் சேரும் அன்றைக்கே கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

இனி அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயம். கிளினிக் நடத்துகிறவர் கைராசிக்காரர் மட்டுமில்லை, வேலை தெரிந்தவர். என்னை அவரே பார்த்தது 40-இல் 9 நாள்தான். அந்த 9 நாளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கையை அசைப்பார். புருவம் சுருங்கினால் அங்கேயே நிறுத்திக் காத்திருந்து மறுபடி மெல்லப் போவார். ஒரு சிட்டிங் முடிந்து எழுந்தபோது வலது கை தானாகத் தலைமுடி வரைக்கும் போனது. ஏழு மாதத்துக்குப் பிறகு. அவர்தான் வீட்டுக்கு வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தார். மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து வலது கையைப் பெண்டுலம் மாதிரி தொங்கவிட்டு ஆட்டுவது. கதவு நிலையில் கப்பி மாட்டிக் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்து, நல்ல கையால் இழுத்து இந்தக் கையைத் தூக்குவது. சுவரில் விரலால் எறும்பு மாதிரி ஏறுவது.

லாரன்ஸ் ரோட்டில் சின்னக் கப்பி வாங்கினேன். நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்தது, பாவாடை நாடாவை மூன்றாக மடித்துத் தைத்துப் போட்டேன். குனிவதற்குத் துணி வெட்டும் மேசை. சுவருக்குத் தையல் சாக்பீஸ். விரல் எட்டிய இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, தரையிலிருந்து இஞ்ச் டேப்பில் எத்தனை என்று. முதல் கோடு 54 இஞ்ச். அந்த முரட்டு இழுப்புக்குப் பிறகு இரண்டு இஞ்ச் கீழே இறங்கிய கோடும் அங்கே இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொரு தடவையும் 10 நிமிஷம். கிளினிக்கில் அரை மணி நேரம் யாரோ பார்ப்பதைவிட இதுதான் என் கையை மீட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

கடைசி சிட்டிங்கில் நானே கிளினிக் நடத்துகிறவரிடம் நோட்டை நீட்டி, அளந்து சொல்லுங்கள் சார் என்றேன். முன்னால் 165, பக்கவாட்டில் 150, திருப்பல் 60. நோட்டைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். "இத நாங்க எழுதியிருக்கணும்மா" என்றார். அவர் நல்ல மனுஷன்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவரிடம், "எந்த முட்டி தாத்தா?" என்று புதுப் பையன் கேட்டது அப்போதும் என் காதில் விழுந்தது.

ஆகவே சிநேகிதிக்கு என் பதில்: பிசியோவுக்கு நாளைக்கே போ, தள்ளிப்போடாதே. நான் போன இடத்துக்குப் போகாதே. அவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு ஒரு பேனாவை எடுக்காத இடத்துக்கு உன்னை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. காசு இடித்தால் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவருக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வந்து போகிறார். எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேள். தினமும் பார்க்கப்போவது யார், முதல் நாளே அளந்து எழுதுவீர்களா, வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும், "நீ போன எடத்துக்கே வரேன்டி, உனக்குக் கை வந்துருச்சுல்ல" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். அவளைச் சுவரோடு நிற்கவைத்து முதல் கோட்டை நானே போட்டு, நோட்டில் ஒரு பக்கத்தில் அவள் பேரை எழுதப்போகிறேன். எந்த இடம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்கிறோம்.