டிஜிட்டல் மெஷினும் மெரூன் நிறமும்: 4 வருட அனுபவம்

போன கிழமை என் அச்சு மெஷினுக்குப் பெல்ட் மாற்றிய செலவே இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அதற்குள் வெள்ளவத்தையில் டிசைன் கடை வைத்திருக்கும் நண்பன் கேட்கிறான்: "மச்சான், நானும் ஒரு டிஜிட்டல் அச்சு மெஷின் எடுக்கட்டா?"

என் கடை கொழும்பு கொட்டாஞ்சேனையில். டோனர் மெஷின், 4 வருடமாக ஓடுகிறது. வேகம், ரெசலூஷன் எல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். எனக்குச் சொல்ல இருப்பது மெரூனைப் பற்றி.

கலியாணக் காட் என்றால் எங்கள் சனத்துக்கு மெரூன் வேண்டும். காட் முழுக்க ஒரே மெரூனாகப் போட்டால் இந்த மெஷின் கோடு கோடாகத் துப்பும். பிளேட் வைத்து அடிக்கும் ஓப்செட்டில் மை கடதாசியோடு சேர்ந்துவிடும். இங்கே டோனர் தூள் சூட்டில் உருகி மேலே படலமாகக் கிடக்கிறது. மடித்தால் வெடித்து வெள்ளைக் கோடு. முதலே அழுத்தி மடிப்புத் தடம் (க்ரீஸ்) போட்டு, கடதாசியின் இழை ஓடும் பக்கமாக மடித்தால் குறையும், போகாது. மழை நாளில் ஈரம் குடித்த தடித்த போர்ட் கடதாசியில் நிறம் திட்டுத் திட்டாக விழும். அதனால் வேலை தொடங்கும்வரை கடதாசிக் கட்டைப் பிரிப்பதே இல்லை.

இரண்டு வருடம் மெக்கானிக்கைத் திட்டினேன். பிறகுதான் குற்றத்தில் பாதி என் டிசைனில் என்று தெரிந்தது. இப்போது மெரூனின் மேல் மாங்காய் வடிவமோ துணி இழையோ மெல்லிசாக ஓட விடுகிறேன், கோடு கண்ணில் படாது. மடிப்பு வரும் இடத்தில் நிறத்தைக் குறைத்துவிடுவேன். மெல்ல மெல்ல மங்கிப் போகும் நிறத்துக்குக் கொஞ்சம் நொய்ஸ், அதாவது பொடிப் புள்ளி. எழுத்துக்குத் தனிக் கறுப்பு 100 வீதம் மட்டும். நாலு நிறத்தையும் கலந்து கறுப்புக் கட்டினால், மயிரிழை விலகினாலும் ணகரத்தின் சுழிக்குள் சிவப்பு எட்டிப்பார்க்கும். நீலத்தில் சியான் என்ற இளநீலம் 100 என்றால் மஜெண்டா என்ற இளஞ்சிவப்பை 70க்கு மேல் ஏற்றுவதில்லை, ஊதாவாகிவிடும். பொன் நிறம் கேட்பவர்களுக்குக் கடுகு நிறம்தான்.

ஆனால் இறந்தவருக்கான 31ஆம் நாள் நினைவு மலர் வந்தால் இதே மெஷினைக் கும்பிடத் தோன்றும். 100 பிரதிதான் கேட்பார்கள். முதல் நாள் இரவு கனடாவிலிருந்து போன் வரும், பேரப்பிள்ளை ஒருவரின் பெயர் விடுபட்டுப்போச்சு என்று. பிளேட் இல்லை, மை காயக் காத்திருக்கத் தேவையில்லை. திருத்தி, விடியமுன் கட்டிக் கொடுத்துவிடலாம்.

சரி, நண்பனுக்கு? எடுக்காதே என்றேன். வேலையை என்னிடம் அனுப்பு, மெரூன் மட்டும் வேண்டாம்.