கூண்டா, செய்தித்தாளா?

எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு மூன்றரை மாதம். நாங்கள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்த்தான் சிறுநீர் கழிப்பான். பூட்டிவிட்டுக் கிளம்பினால், திரும்பி வரும்போது வாசல் மிதியடி நனைந்திருக்கும்.

கூண்டை முதலில் முயன்றோம். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்குப் பிடிக்காது, கூண்டின் பலமே அதுதான். ஆனால் குட்டி எழுந்து நின்று திரும்பும் அளவு போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் போய்விட்டு மறுமூலையில் தூங்கிவிடும். நேரமும் முக்கியம். எத்தனை மாதமோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் குட்டியால் அடக்க முடியும். அதற்கு மேல் அடைத்து வைப்பது பாவம். படுக்கையிலேயே போய்ப் பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

தடுப்பு வைத்துச் செய்தித்தாள் விரித்து அதன்மேல் போகப் பழக்குவது, நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. பழக்கம் வர நாளாகும். காலுக்கு மெத்தென்று படும் துணி, மிதியடி எல்லாம் குட்டிக்குத் தாள் போலவே தோன்றிவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கூண்டு, அதற்கு மேல் என்றால் தாள். நனைந்த இடத்தை வாடையைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடைக்கிறோம். பினாயில் போட்டாலும் அவன் மூக்குக்குப் பழைய வாடை தெரிகிறது.

ஆளில்லாதபோது ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, நனைக்கவும் செய்தால் அது தனிமைப் பயமாக இருக்கலாம். அந்தக் குட்டியைக் கூண்டில் அடைக்காதீர்கள். கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். கிளம்பும்போது பழைய கைபேசியில் குட்டியை வீடியோ பதிவு செய்யவிட்டுப் போங்கள், பழக்கக் குறைவா பயமா என்று தெரிந்துவிடும்.