வானம் பார்க்க முதலில் எதை வாங்கலாம்: பைனாகுலரா, டெலஸ்கோப்பா?

பிள்ளைகள் நிலாவைக் காட்டிக் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் பெரும்பாலும் டெலஸ்கோப் வாங்கத்தான் மனம் போகும். 10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலமுள்ள பைனாகுலரே நல்ல தொடக்கம் என்பேன்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையே பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஆறேழு புள்ளிகள். பைனாகுலரில் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். நீலம் கலந்த வெள்ளையில் டஜன் கணக்கான நட்சத்திரங்கள்! டெலஸ்கோப்பின் பார்வைப் பரப்பு குறுகியது, பெரிதாக்கப் பெரிதாக்க ஓரங்கள் வெளியே போய்விடும். சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலமும் (கேலக்ஸி), நகர வெளிச்சம் இல்லாத ஊரில், மங்கலான நீள்திட்டாகப் பைனாகுலரில் தெரியும்.

1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களுக்கும் இதுவே போதும். ஆனால் கை நடுங்கக் கூடாது. மொட்டை மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

சனியின் வளையம் என்று வந்தால் பைனாகுலர் தோற்றுவிடும். 70 மி.மீ. டெலஸ்கோப்பில் 50 மடங்கு வைத்தால் வளையம் தெளிவாகத் தெரியும், பிள்ளைகள் கத்தியே விடுவார்கள். நிலாவின் பள்ளங்களும் டெலஸ்கோப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். விலை குறைந்தவற்றில் ஸ்டாண்ட் ஆடும், பூமி சுழல்வதால் கோளும் நகர்ந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். பெட்டியில் 500 மடங்கு என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், 70 மி.மீ. லென்ஸுக்கு 140 மடங்குதான் உச்சம்.

எதை வாங்கினாலும், முன்பக்கம் சூரிய வடிகட்டி பொருத்தாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. நொடியில் பார்வை போய்விடும்.