குழுக்களை நகலெடுப்பதை நிறுத்திய பிறகு: ஓசூர் ஆலையில் எஸ்எஸ்எஸ்டி அனுபவம்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாக ஆலை எங்களுடையது. சூளகிரியில் இன்னொரு யூனிட். கணக்கு, ஸ்டோர்ஸ், எச்ஆர் எல்லாம் விண்டோஸ். டிசைன் பிரிவும் ஃபைல் சர்வரும் லினக்ஸ்.

முன்பு லினக்ஸுக்கென்று தனியாக ஃப்ரீஐபிஏ என்ற பயனர் நிர்வாக மென்பொருளை வைத்து, வின்சிங்க் என்ற ஒத்திசைவு வசதி மூலம், விண்டோஸ் பக்கத்தின் பயனர், குழுப் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியோடு இணைத்திருந்தார்கள். வின்சிங்க் பயனர் கணக்குகளை மட்டும்தான் கொண்டுவரும், குழுக்களைத் தொடாது. அதற்கு ராத்திரியில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். அது நின்றுபோனால், வேலையை விட்டுப் போனவரின் பெயர் டிசைன் குழுவில் அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர் டிராயிங் இருக்கிற இடத்தில் இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லினக்ஸ் மெஷின்களை எஸ்எஸ்எஸ்டி (பயனர், குழு விவரங்களை மையப் பட்டியலிலிருந்து லினக்ஸுக்கு எடுத்துத் தரும் மென்பொருள்) வழியாக நேரே ஆக்டிவ் டைரக்டரியில் சேர்த்தோம். குழுக்கள் இப்போது ஓரிடத்தில்தான்.

விண்டோஸ் குழுவின் அடையாளக் குறியீடான எஸ்ஐடியை வைத்துக் கணக்குப் போட்டு, லினக்ஸுக்கான ஜிஐடி என்ற குழு எண்ணை எஸ்எஸ்எஸ்டியே உருவாக்கிக்கொள்கிறது. எண் வரம்பை எங்கும் ஒரே மாதிரி வைத்திருப்பதால் இரண்டு யூனிட்டிலும் ஒரே எண் வருகிறது.

எங்களை அதிகம் அலையவிட்டது வேறொன்று. மூத்த டிசைனர் ஒருவர், "சார், குழுவில் பேர் இருக்கு, ஃபோல்டர் மட்டும் திறக்கல" என்றார். லினக்ஸின் ஐடி (id) கமாண்டில் அவருடைய குழுக்கள் எல்லாமே சரியாக வந்தன. கோளாறு, ஃபைல் சர்வரின் ஃபோல்டர்களை நெட்வொர்க் வழியாகத் தரும் என்எஃப்எஸ்ஸில். பயனரை அடையாளம் காட்ட அது வழக்கமாகப் பயன்படுத்தும் ஆத்சிஸ் (AUTH_SYS) முறை ஒருவருக்கு 16 குழுக்களைத்தான் சர்வருக்கு எடுத்துச் செல்லும். அதற்கு மேல் உள்ளவை விட்டுப்போகும். பல புராஜெக்ட்டில் இருப்பவருக்கு 16 எம்மாத்திரம்! சர்வரில் என்எஃப்எஸ் இணைப்புகளைக் கவனிக்கும் மவுண்ட்டி (mountd) நிரலில் மேனேஜ் ஜிஐடிஸ் (manage-gids) அமைப்பைப் போட்ட பிறகு, குழுக்களை சர்வரே தேடிக்கொள்கிறது. அதற்கு ஃபைல் சர்வரும் ஆக்டிவ் டைரக்டரியில் சேர்ந்திருக்க வேண்டும்.

ஒருவரைப் புதுக் குழுவில் சேர்த்தால், லாக்அவுட் செய்து திரும்ப வரச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனில் பழைய குழுக்கள்தான் இருக்கும். எஸ்எஸ்எஸ்டியின் கேஷும் (தற்காலிகச் சேமிப்பு) இயல்பாக 5400 விநாடி, அதாவது ஒன்றரை மணி நேரம், பழையதை வைத்திருக்கும். கடிகாரத்தையும் கவனியுங்கள்: சர்வரின் நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது.

சூளகிரிக்கு வரும் நெட்வொர்க் லைன் துண்டானாலும் கேஷில் உள்ள பாஸ்வேர்டை வைத்து உள்ளே நுழைந்துவிடலாம், அது நல்ல வசதி. ஆனால் அந்த நேரத்தில் ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால் அங்கே தெரியாது. அதனால் யாராவது வேலையை விட்டால், லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சூளகிரி மெஷினிலும் ஒருமுறை சரிபார்க்கிறோம்.