சத்தமில்லாத கேமராவோடு மூன்று ஆண்டுகள்: சோனி ஏ9

எந்த நாளிதழிலும் மாதச் சம்பளம் வாங்காமல், ஒவ்வொரு வேலைக்கும் தனியே பேசிக் கூலி பெறுகிற புகைப்படக்காரன் நான். காலையில் விளையாட்டு மைதானம், மாலையில் திரைப்பட விழா என்று இரண்டு வகை வேலைகளும் ஒரே நாளில் வருவதுண்டு. இரண்டுக்கும் தனித்தனியே கருவி வாங்கும் அளவுக்குச் சென்னையில் இந்தத் தொழில் கொடுப்பதில்லை. ஆகவே, சோனி நிறுவனம் 2017 ஏப்ரலில் அறிவித்த ஏ9 கேமராவை, அதற்கு ஐந்து வயதாகிவிட்ட 2022 ஜூனில், திருமணப் படங்களுக்கு மாறிவிட்ட நண்பர் ஒருவரிடமிருந்து 1,15,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். புதுக் கேமராக்களைப் பற்றி எழுதுபவர்கள் ஏராளம். என்னைப் போன்றவர்கள் உண்மையில் வாங்குவது பழைய கேமராக்களைத்தான் என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு மேல் தோளில் சுமந்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வாங்கியதற்கு ஒரே காரணம் அதன் மௌனம். அதற்கு முன் நான் வைத்திருந்த நிக்கான் டி500 வினாடிக்கு 10 படங்கள் எடுக்கும் நல்ல உழைப்பாளி. ஆனால் ஒவ்வொரு படத்திற்கும் உள்ளே கண்ணாடி எழுந்து விழுவதால், அமைதியான அரங்கில் அதை இயக்கினால் யாரோ தையல் இயந்திரத்தை மிதிப்பது போலிருக்கும். ஏ9 தன் மின்னணு ஷட்டரில், அதாவது அசையும் திரை எதுவுமின்றி மின்னணு முறையிலேயே பதிவு செய்யும் ஏற்பாட்டில், வினாடிக்கு 20 படங்களை, ஒவ்வொன்றும் 24 மெகாபிக்சல் அளவில், சிறு ஓசையும் எழுப்பாமல் எடுக்கிறது. அப்படி எடுக்கும்போது கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் ஒரு கணமும் இருளாவதில்லை என்பது அதைவிடப் பெரிய வசதி. கண்ணாடி வைத்த கேமராக்களில் நாம் பதிவு செய்கிற அந்தக் கணத்தை மட்டும் நாம் பார்ப்பதே இல்லை. இருபது ஆண்டுகள் அந்தக் குருட்டுத்தனத்தோடு வேலை செய்துவிட்டு, பந்து மட்டையில் படுவதையும் படம் பதிவாவதையும் ஒரே சமயத்தில் முதன்முறையாகப் பார்த்தபோது, நான் ஷட்டரை அழுத்தவில்லையோ என்றே ஐயம் கொண்டேன்.

வாங்கிய அடுத்த மாதமே அதற்குச் சரியான வேலை கிடைத்தது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. சதுரங்கத்தில் புகைப்படக்காரர்களுக்குக் கிடைப்பது ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சில நிமிடங்கள் மட்டுமே. அதன் பிறகு கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அந்தச் சில நிமிடங்களில் பலகையிலிருந்து இரண்டு அடி தொலைவில் குனிந்து நின்றுகொண்டு, எதிரில் இருப்பவரின் சிந்தனையைக் கலைக்காமல் படம் எடுக்க வேண்டும். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த நாள்களில் அவருடைய பலகையைச் சுற்றி லென்ஸ்கள் பெருகிக்கொண்டே போயின. சுற்றிலும் ஷட்டர்கள் படபடத்துக்கொண்டிருக்க, என் கையில் இருந்தது இயங்குகிறதா என்று பக்கத்தில் நின்ற மூத்த புகைப்படக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஓர் ஆட்டக்காரர் காயை எடுத்து, வைக்காமல் அந்தரத்தில் தயங்கி, மீண்டும் யோசிக்கும் அரை வினாடியைத் தொடர்ச்சியாக எடுக்கவும், அதற்காக அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருக்கவும் இந்தக் கேமரா உதவியது.

இந்த மௌனம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதைச் சொல்லாமல் இதன் குறைகளைச் சொல்ல முடியாது. ஒளியைப் படமாக்கும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். சாதாரண சென்சார் ஒளியை வரி வரியாகப் படித்து முடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் ஓடுபவர் நகர்ந்துவிட்டால் உருவம் சாய்ந்துபோகும். ஏ9இன் சென்சாரில் நினைவகமும் அடுக்காகப் பொருத்தப்பட்டிருப்பதால், மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க ஏறத்தாழ 1/160 வினாடி போதும். கால்பந்து, ஹாக்கி, ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் இந்த வேகம் தாராளம். ஆனால் போதாத இடங்களும் உண்டு என்பதை எனக்குக் காட்டியது சிலம்பம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதையொட்டிப் பயிற்சிக் கூடம் ஒன்றில் எடுத்த படங்களில், சுழலும் கம்பு வில்லைப் போல வளைந்து நின்றது. படத்தைப் பார்த்த ஆசான், "கம்பு வளையாது தம்பி, உங்க மிஷினுதான் வளைக்குது" என்றார். அவர் சொன்னது சரி. கம்பின் நுனி போகிற வேகத்தில், 1/160 வினாடிக்குள் அது ஒரு சாணுக்கு மேல் நகர்ந்துவிடும். டென்னிஸ் மட்டையிலும் கோல்ஃப் கம்பிலும் இதே வளைவைப் பார்க்கலாம். திரை திறந்து மூடும் எந்திர ஷட்டருக்கு மாறினால் வளைவு போய்விடும். ஆனால் அதில் இந்தக் கேமரா வினாடிக்கு 5 படங்கள்தான் எடுக்கும், சத்தமும் திரும்பி வந்துவிடும்.

திரைப்பட விழாக்களில் இதைவிடப் பெரிய தொல்லை எல்.இ.டி. விளக்குகளால் வருகிறது. நம் கண்ணுக்கு நிலையாக எரிவதாகத் தோன்றும் மேடை விளக்குகளும் பின்திரைகளும் வினாடிக்குப் பல நூறு முறை, சில வேளைகளில் பல ஆயிரம் முறை, அணைந்து எரிகின்றன. வரி வரியாகப் படிக்கும் சென்சார் அந்த அணைதலையும் எரிதலையும் முகத்தின் குறுக்கே பட்டைகளாகப் பதிவு செய்துவிடுகிறது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பாடல் வெளியீட்டு விழாவில். மைதானத்துப் பழக்கத்தில் 1/1000 வினாடியில் மின்னணு ஷட்டரை வைத்தபடியே கதாநாயகனின் வருகை முழுவதையும் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் திறந்து பார்த்தால், அவருடைய நெற்றி முதல் வெள்ளைச் சட்டையின் இடுப்பு வரை ஊதாக் கோடுகள். தவறு என்னுடையதுதான், ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சரிபார்த்திருந்தால் போதும். ஷட்டர் வேகத்தை 1/100க்குக் குறைத்தால் பெரும்பாலான அரங்குகளில் கோடுகள் மறையும், ஆனால் கையசைத்துக்கொண்டே மேடையேறும் நடிகரின் கை மங்கிவிடும். ஆகவே அத்தகைய விழாக்களுக்கு, எந்திர ஷட்டரிலேயே வினாடிக்கு 10 படங்கள் எடுக்கக்கூடிய பழைய ஏ7 III ஒன்றையும் பின்னர் வாங்கிச் சேர்த்தேன். இரண்டிலும் ஒரே வகை பேட்டரி என்பது ஆறுதல். ஆனால் ஒரு குறையை மறைக்க இன்னொரு கேமரா வாங்க நேர்ந்தது என்பதையும் இதன் விலையில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

மௌனத்தால் வந்த வேடிக்கையான சிக்கல் ஒன்றும் உண்டு. நட்சத்திரங்களின் தனிப் பேட்டிகளுக்குப் போகும்போது, நேரம் எப்போதும் பேசியதில் பாதிதான் கிடைக்கும், பி.ஆர்.ஓ. கடிகாரத்தைப் பார்த்தபடி கதவருகே நிற்பார். அப்படி ஒரு நாள் மூத்த நடிகை ஒருவர் சன்னலோரம் நின்று, முகத்தை மெல்லத் திருப்பி, சிரித்து, சிரிப்பை நிறுத்தி, கடைசியில் பொறுமையிழந்து, "எப்பங்க எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். அதற்குள் ஏறத்தாழ நூறு படங்கள் எடுத்து முடித்திருந்தேன். பழகிய நடிகர்களுக்கு ஷட்டர் ஓசை ஒரு தாளம். அது கேட்டதும் அடுத்த பாவனைக்கு மாறுவார்கள். இப்போது அத்தகைய வேலைகளில் கேமராவின் செயற்கை ஷட்டர் ஒலியை வேண்டுமென்றே இயக்கி வைக்கிறேன். சத்தமில்லை என்பதற்காக வாங்கிய கருவியில் சத்தத்தை வரவழைத்துக்கொள்வதை நினைத்து நானே சிரித்துக்கொள்வேன். மாறாக, பேட்டி நடந்துகொண்டிருக்கும்போது ஒலிப்பதிவைக் கெடுக்காமல் எடுப்பதற்கு இதற்கு இணையில்லை. நல்ல படங்கள், பெரும்பாலும், அவர்கள் கேமராவை மறந்து பேசிக்கொண்டிருந்த அந்த வேளையில்தான் கிடைத்திருக்கின்றன.

குவியத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. 693 குவியப் புள்ளிகள் சட்டகத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பதால், ஓரத்தில் நிற்கும் முகத்தையும் கேமராவைத் திருப்பாமல் பிடிக்க முடிகிறது. 2019இல் வந்த ஐந்தாம் ஃபர்ம்வேருக்கு (கேமராவின் உள்மென்பொருள்) பிறகு, ஒரு முறை ஆளைக் காட்டிவிட்டால் அவர் திரும்பினாலும் குனிந்தாலும் பின்தொடர்கிறது. கபடியில் மட்டும் திணறுகிறது. ரெய்டரை நான்கு பேர் கட்டிப் பிடித்து உருளும் கணத்தில் எந்த முகம் யாருடையது என்று மனிதக் கண்ணுக்கே தெரியாது, அதைக் கேமரா மேல் பழியாகப் போடுவது நியாயமல்ல. அங்கே நான் தானியங்கிப் பின்தொடர்தலை அணைத்துவிட்டு, ஒற்றைச் சிறு கட்டத்தை ஜாய்ஸ்டிக்கால் நகர்த்திக்கொள்கிறேன்.

வேகத்தின் மறுபக்கம் பஃபர், அதாவது அட்டையில் எழுதப்படும் வரை படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம். சுருக்கப்பட்ட ரா கோப்புகளாக (சென்சார் தந்த தகவலைப் பதப்படுத்தாமல் வைத்திருப்பவை) 241 படங்கள் வரை தொடர்ந்து எடுக்கலாம் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். 20ஆல் வகுத்தால் 12 வினாடிதான். இரண்டு அட்டைத் துளைகளில் ஒன்று மட்டுமே வேகமான யு.எச்.எஸ். 2 வகை; காப்புப் பிரதிக்காக இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுத வைத்தால், வேகம் மெதுவான துளையின் வேகத்துக்கு இறங்கிவிடும். 2023 ஆகஸ்ட் 12 அன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதிப் போட்டியில் இதை அனுபவித்தேன். மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியாவுக்காக 45ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல் அடித்தார். கொண்டாட்டத்தை விரலை எடுக்காமல் எடுத்தேன். அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் சமன் செய்யும் கோலை அடித்தபோது என் கேமரா அட்டையில் எழுதிக்கொண்டிருந்தது, எனக்குக் கிடைத்தவை சில படங்களே. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் வெற்றிக் கோலை அடித்து 4-3 ஆனபோது பாடம் படித்திருந்தேன்: விளையாட்டுக்குச் சிறிய கோப்பான ஜேபெக், அதுவும் சிறு சிறு கொத்துகளாக, காப்புப் பிரதி இடைவேளையில். ஒரு போட்டிக்கு 3,000 படங்கள் எடுத்துவிட்டு, நள்ளிரவுக்குள் 20 படங்களைத் தேர்ந்து அனுப்ப வேண்டிய தனியாளுக்கு, வேகமான கேமரா என்பது கூடுதல் கணக்குப்பிள்ளை வேலைதான்.

உடலமைப்பு சிறிது. பேட்டரியோடும் அட்டையோடும் 673 கிராம் என்பது பையில் இருக்கும்போது இனிமை, கையில் பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. பெரிய லென்ஸ் மாட்டிய பிறகு ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். கீழே மாட்டும் செங்குத்துப் பிடியைக் கட்டாயம் வாங்குங்கள். மெனு ஒரு பழைய அரசு அலுவலகம், எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை உள்ளே இருப்பவர் மட்டுமே அறிவார். யு.எஸ்.பி. துளை மெதுவான 2.0 தலைமுறை. லேன் கேபிள் மாட்டும் துளை உண்டு, கோப்பு அனுப்பும் முறையான எஃப்.டி.பி. வழியே நேரடியாகப் படம் அனுப்பலாம். அது மேசையும் இணைப்பும் ஒதுக்கப்பட்ட பெரிய முகமைக்காரர்களுக்கான வசதி, நான் இதுவரை அதன் ரப்பர் மூடியைத் திறந்ததில்லை. பேட்டரி ஒன்றே ஒரு முழுப் போட்டிக்குப் போதுமானதாக இருக்கிறது.

லென்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. வினாடிக்கு 20 படங்கள் என்பது சோனியின் சொந்த லென்ஸ்களுக்கு மட்டுமே. பிற நிறுவன லென்ஸ்களை மாட்டினால் 15 ஆகிவிடும். நான் பயன்படுத்தும் டாம்ரான் நிறுவனத்தின் 70-180 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் வெறும் 810 கிராம், சோனியின் முதல் தலைமுறை 70-200 ஜி மாஸ்டர் லென்ஸோ 1,480 கிராம். அந்த எடை வித்தியாசத்துக்காக ஐந்து படங்களை இழக்க எனக்குத் தயக்கமில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டும் 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை வாடகைக்கு எடுக்கிறேன். அந்தக் கூலியில் வாடகை போக மிஞ்சுவது பற்றிப் பேசாமல் இருப்பதே நலம்.

2019இல் வந்த ஏ9 II எந்திர ஷட்டரின் வேகத்தை வினாடிக்கு 10 படங்களாக்கி, பிடியையும் ஆழப்படுத்தி, இரண்டு அட்டைத் துளைகளையும் வேகமாக்கியது. செகண்ட் ஹேண்ட் விலையில் வித்தியாசம் குறைவாக இருந்தால் அதையே வாங்குங்கள். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஏ9 III சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிப்பதால், வளையும் கம்பும் ஊதாக் கோடுகளும் அங்கே பிரச்சினையே அல்ல. அதன் விலை என் ஓராண்டுச் சேமிப்பையும் தாண்டும் என்பதால் அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை.

முதல் ஏ9ஐ செகண்ட் ஹேண்டாக வாங்கப் போகிறவர்கள், எந்திர ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணை மட்டும் பார்த்து விலை பேச வேண்டாம். அந்த ஷட்டர் 5,00,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது, பெரும்பாலானோர் மின்னணு ஷட்டரையே பயன்படுத்துவதால் அது அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்தே கிடக்கும் கேமரா இது. மைதானத்துப் புழுதியில் இருந்து வந்ததா என்று பாருங்கள். லென்ஸின் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், கறுப்புப் புள்ளிகள் தானே காட்டிக்கொடுக்கும்.