செங்கல் சுவரில் பாசி: பிரஷர் வாஷரா, ஹைப்போவா, பிகேசியா?

பெங்களூரில் பூசாமல் விட்ட செங்கல் சுவர் என்றால், வெயில் விழாத பக்கம் ஜூன் மழையிலேயே பச்சை பிடிக்கும். அக்டோபர் மழையும் ஓய்ந்து காய்ந்தபின் அதே பாசி கறுப்பாகத் தெரியும். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் கைதான் வலிக்கும்.

பலரும் முதலில் தேடுவது பிரஷர் வாஷர். அன்றைக்கே சுவர் பளிச்சிடும். ஆனால் செங்கல்லின் நுண்துளைக்குள் இருக்கும் பாசி சாகாது. முனையைக் கிட்டே பிடித்தால் சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் உரியும், இடுக்குக் கலவையும் பெயரும். அந்த இடம் முன்பைவிட அதிகமாக நீர் குடிக்கும், அடுத்த மழைக்கு அங்கேதான் பாசி கூடுதலாக வரும். அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கம் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், கண்ணெதிரே பச்சையை வெளுக்கும். 10% கேன் என்றால் 1 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர். முதலில் சுவரை நனைத்துவிடுங்கள். காய்ந்த செங்கல் மருந்தை உள்ளே உறிஞ்சிவிடும். 15 நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். அலசல் போதாவிட்டால் உப்பு பூக்கும். வெயிலில் கிடந்த பழைய கேனில் வீரியம் இருக்காது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டாய்லெட் கிளீனர் பக்கத்திலேயே வரக்கூடாது.

எங்கள் தேர்வு பிகேசி, அதாவது பென்சல்கோனியம் குளோரைடு. 50% திரவம் 200 மில்லியுடன் தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கினால் 1% கரைசல். தடித்த பாசியைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டிவிட்டு, காய்ந்த சுவரில் கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். 100 சதுர அடிக்கு 2–3 லிட்டர் போதும். அலசக்கூடாது. பச்சை பழுப்பாகி, பிறகு வரும் மழையோடு உதிரும். இது வேலை செய்யாமல் போக முக்கியமாக இரண்டு காரணம்: தெளித்த அன்றே மழை, அல்லது முன்பு கழுவிய சோப்பு சுவரில் தங்கியிருப்பது, சோப்பு பிகேசியை முறித்துவிடும். ஆகவே டிசம்பர், ஜனவரி தோதான காலம். வழுக்கும் படிக்கட்டுக்கு மட்டும் காத்திராமல் ஹைப்போ போடலாம். இரண்டுக்குமே கையுறை, கண்ணாடி கட்டாயம். மீன் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது.

ஆசிட் கேள்வியே இல்லை, சிமெண்டை அரித்துவிடும்.

மருந்துக்கு முன் ஓவர்ஹெட் டேங்க் வழியும் குழாயைத் திருப்பிவிடுங்கள், சுவரை ஒட்டிய தொட்டிச் செடியை ஓரடி நகர்த்துங்கள். பாசி போனபின் வார்னிஷ் அடிக்காதீர்கள்; ஈரம் உள்ளே அடைபட்டு செங்கல் பொரிந்து உதிரும். அடித்தே ஆகவேண்டும் என்றால், ஆவியை வெளியே விடும் சிலேன்-சிலாக்ஸேன் வகை நீர்விலக்கிப் பூச்சு, அதுவும் சுவர் முழுக்கக் காய்ந்தபின்.